போல்சேனாவில் ஒரு கைலேஞ்சி: சுடுமண் சுரூபம் திருவுடலாகத் தெரிந்த நிகழ்வு

பின்னணி

தமிழ்நாட்டிலிருந்து இத்தாலிக்குத் திருயாத்திரை வரும் குழுக்களோடு சென்று, ஒவ்வொரு இடத்தின் கதையையும் வரலாற்றையும் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. இங்கே பதிவு செய்வது ஓர் அக்டோபர் மாதப் பயணத்தில் நடந்தது. குழுவில் 23 பேர், பெரும்பாலும் தென்கடலோர ஊர்க்காரர்கள், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களோடு ஒரு குருவானவர், நான், உதவிக்கு வந்த கலை வரலாறு படிக்கும் ஓர் இளைஞர்.

அன்றைய திட்டம் நான் போட்டது. ரோமிலிருந்து காலையில் வித்தெர்போ, பிற்பகல் போல்சேனா, இரவு ஓர்வியேத்தோவில் தங்கல். மூன்றும் ஏறக்குறைய ஒரே பாதையில் வருகின்றன. வித்தெர்போவிலிருந்து போல்சேனாவுக்கு 30 கிலோமீட்டர் வாக்கில்தான். பேருந்துக்கு வசதி, வயதானவர்களுக்கு அலைச்சல் குறைவு. வரிசையைத் தீர்மானிக்கும்போது என் மனதில் வேறு கணக்கே இல்லை.

குழுவினர் கையில் நான் எழுதிய ஒரு வழிகாட்டித் தாள் இருந்தது. போல்சேனா பற்றிய பத்தியில் ஒரு வரி: "நிலத்தடிக் கல்லறையில் துயில்கொள்ளும் புனித கிறிஸ்டினாவை இங்கே தரிசிக்கலாம்." எழுதும்போது நல்ல வரியாகத்தான் தோன்றியது.

தலத்தில் இருப்பவை

நிகழ்வு புரிய வேண்டுமானால் அந்தக் கோவிலில் எது எந்தக் காலத்தது என்பதை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும்.

போல்சேனா ஓர் எரிமலை ஏரியின் கரையில் இருக்கும் சிற்றூர். புனித கிறிஸ்டினாவைப் பற்றி வழிவழியாக வரும் கதை இது: அவள் பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத சிறுமி, தகப்பன் உர்பானுஸ் ஊரின் ரோமானிய அதிகாரி. மகளைக் கோபுரத்தில் அடைத்து வைக்கிறான். அவளோ அங்கிருந்த பொன் விக்கிரகங்களை உடைத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். கல்லில் கட்டி ஏரியில் தள்ளுகிறார்கள், கல் மிதக்கிறது. நெருப்புச் சூளை, பாம்புகள் என்று வேதனைகள் நீள்கின்றன. கடைசியில் அம்பு எய்து கொல்கிறார்கள். ரோமப் பேரரசன் டியோக்ளீஷியன் காலத்து வேதகலாபனையோடு (கிறிஸ்தவர்களை வதைத்த காலம்) சேர்த்து இதைச் சொல்வது வழக்கம். திருநாள் ஜூலை 24.

கோவிலை ஒட்டிப் பாறைக்குள் குடைந்த ஒரு நிலத்தடிக் கல்லறைத் தொகுதி உண்டு. பழங்காலக் கிறிஸ்தவர்களைப் புதைத்த இடம் அது. சுவரில் அடுக்கடுக்காகப் பிணக்குழிகள். இதில் யாருக்கும் ஐயமில்லை. 1880இல் அங்கே நடந்த அகழ்வில் ஒரு கல் பேழையும், அதனுள் எலும்பு எச்சங்கள் வைத்த ஒரு சிறு பளிங்குப் பெட்டியும் வெளிப்பட்டன. புனிதையின் கல்லறை என்று வணங்கப்படுவது இதுதான். இந்தக் கல்லறை இடத்தில் ஒரு சுடுமண் சிற்பம் இருக்கிறது: படுத்த நிலையில் ஓர் இளம்பெண். ஃபுளோரன்ஸ் சிற்பி பெனடெட்டோ புல்யோனியின் வேலை என்று கருதப்படுவது, ஏறத்தாழ 1500ஐ ஒட்டியது.

புல்யோனி இந்த ஊருக்கு வந்த பின்புலமும் சுவையானது. கோவிலின் முகப்பை 1490களில் கட்டக் கொடுத்தவர் கர்தினால் ஜொவான்னி தெ மெதிச்சி, பின்னாளில் திருத்தந்தை பத்தாம் லியோ. 1492இல் அவருக்கு வயது 16. முகப்பு வேலை பிரான்செஸ்கோ புல்யோனி, பெனடெட்டோ புல்யோனி இருவர் கையில் வந்தது. வாசலுக்கு மேலே அரைவட்டத்தில் மாதாவும் பாலன் இயேசுவும், இருபுறமும் புனித ஜார்ஜும் கிறிஸ்டினாவும் இருக்கும் பளபளப்புச் சுடுமண் புடைப்பு, பெனடெட்டோவுடையது. ஈயமும் வெள்ளீயமும் மணலும் கலந்து சுடுமண்மேல் பூசி மறுபடி சூளையில் ஏற்றும் இந்தக் கலையை 1440 வாக்கில் பெரும் சிற்ப வேலைக்குக் கொண்டுவந்தவர் லூக்கா தெல்லா ரோப்பியா. அது அந்தக் குடும்பத்தின் காப்பு ரகசியமாக இருந்தது. லூக்காவின் அண்ணன் மகன் ஆந்திரேயாவின் வீட்டிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் வழியாகத்தான் பெனடெட்டோவுக்கு அது தெரிந்தது என்று, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார்.

இதே கோவிலில்தான் 1263இல் நடந்ததாகச் சொல்லப்படும் நற்கருணை அற்புதத்தின் (திருப்பலியில் அப்பத்திலிருந்து இரத்தம் வழிந்தது என்பது) பீடமும் இருக்கிறது. அந்தப் பீடத்தில் புனிதையின் பாதத் தடம் பதிந்ததாக வணங்கப்படும் கருங்கல் பொருத்தப்பட்டிருக்கிறது, ஏரியில் மிதந்ததாகச் சொல்லும் அதே கல். ஆக, இடம், எலும்பு, மண் உருவம், கல், கதை எல்லாம் சில அடி தூரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரித்துக் காட்ட ஆள் இல்லாவிட்டால் வருகிறவருக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும்.

அன்று கண்டது

காலையில் வித்தெர்போவில் புனித ரோசாவின் ஆலயத்துக்குப் போனோம். 1251இல் இளம் வயதில் இறந்த ரோசாவின் உடல் அங்கே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. முகமும் கைகளும் கறுத்து ஒடுங்கியிருக்கின்றன, ஆனால் அது உடல்தான். குழுவினர் வெகுநேரம் நின்றார்கள். பலருக்குக் கண்ணீர் வந்தது. "அழியாத திருவுடல்" என்ற சொல்லை நானே அங்கே மூன்று நான்கு முறை சொன்னேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு போல்சேனா. வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. குகைக்குள் இருட்டிவிடுமோ என்று முகப்பில் நிற்காமல் நேரே உள்ளே அழைத்துப் போனேன். வாசலுக்கு மேலிருந்த புல்யோனியின் வேலையை நிமிர்ந்து பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

குழுவில் எழுபத்தைந்து வயதை ஒட்டிய ஓர் ஆச்சி இருந்தார். மெதுவாக நடப்பவர், எங்கேயும் கடைசியில்தான் வருவார். கல்லறை முன்னால் மற்றவர்கள் ஜெபம் சொல்லிவிட்டு நகர்ந்த பிறகும் அவர் நகரவில்லை. இடுப்பில் செருகியிருந்த கைலேஞ்சியை (கைக்குட்டையை) எடுத்து, தொடைமேல் வைத்து நாலாக மடித்தார். மடிப்பை விரலால் நீவினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"ஏய்யா, அந்தப் பிள்ள உடம்புல இத ஒரு தடவ ஒத்தி எடுத்துத் தாங்க. என் பேத்திக்கு."

நம் ஊர்க் கோவில்களில் சுரூபத்தின் பாதத்தில் கைலேஞ்சியை ஒத்திக் கண்ணில் வைத்துக்கொள்வது எல்லாரும் செய்வது. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இங்கே தொட விடமாட்டார்கள் ஆச்சி என்று மட்டும் சொன்னேன். அவர் விடவில்லை.

"காலைல பாத்த பிள்ளைக்கு முகம் கறுத்துப்போச்சு. இந்தப் பிள்ளையப் பாருங்க, தூங்குத மாதிரி அப்படியே இருக்கு. ஆயிரத்து எழுநூறு வருசமாச்சே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண் உருவத்தை அவர் உடலாகவே பார்க்கிறார். ரோசாவைவிட இது பெரிய அற்புதம் என்றுகூட அவர் மனதில் ஓடியிருக்கிறது. நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்ற இளைஞர் முந்திக்கொண்டார்.

"ஆச்சி, அது உடம்பு இல்ல. வெறும் மண்ணு. ஐந்நூறு வருசத்துக்கு முந்தி செஞ்ச பொம்மை. இந்தப் புனிதை இருந்தாங்களான்னே சந்தேகம், 1969லயே காலண்டர்லேருந்து எடுத்துட்டாங்க."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. படித்ததைச் சொன்னார். ஆச்சி கைலேஞ்சியை விரித்தார், மறுபடி மடித்தார், இடுப்பில் செருகிக்கொண்டார். வேறொன்றும் பேசவில்லை. முன்னால் போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் கேட்டுவிட்டார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

அந்த மாலை எடுத்த முடிவு

அந்த இடத்திலேயே எல்லாரையும் நிறுத்தி விளக்கியிருக்கலாம். செய்யவில்லை. இருபது பேர் முன்னால் "ஆச்சி தவறாகப் புரிந்துகொண்டார்" என்ற தொனி வந்துவிடும் என்று பயந்தேன், அடுத்த குழு வேறு பின்னால் காத்திருந்தது. குருவானவரிடம் மட்டும் காதோடு சொன்னேன். இரவு உணவுக்குப் பிறகு பேசலாம் என்றார் அவர். ஓர்வியேத்தோ விடுதிக்கு வந்து சேர நேரமாகிவிட்டது, ஆச்சி சாப்பிட்டதும் படுக்கப் போய்விட்டார். அன்று பேசவில்லை.

இளைஞரிடம் அன்றிரவே பேசினேன். அவர் சொன்னதில் மூன்று செய்திகள் இருந்தன, மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல. உருவம் மண்ணால் ஆனது, உடல் அல்ல என்பது சரி. நாட்காட்டியிலிருந்து எடுத்தார்கள் என்பது பாதி. 1969 திருத்தத்தில் உலகத் திருச்சபையின் பொது நாட்காட்டியிலிருந்து கிறிஸ்டினாவின் நினைவு நீக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்குச் சொன்ன காரணம், பெயரையும் போல்சேனாவில் அடக்கமானதையும் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பது. அதாவது பெயரும் அடக்கமும் ஏற்கப்பட்டிருக்கின்றன. ரோமை மறைசாட்சியர் பட்டியலில் ஜூலை 24இல் இன்றும் இருக்கிறார். 6ஆம் நூற்றாண்டிலேயே ரவென்னாவில், சந்த் அப்போல்லினாரே நுவோவோ ஆலயச் சுவரின் மொசைக் ஓவியத்திலுள்ள கன்னியர் வரிசையில் அவரும் இருக்கிறார். எனவே "இருந்தாரா என்றே சந்தேகம்" என்ற மூன்றாவது பேச்சு, ஆதாரம் தாங்குகிற அளவைத் தாண்டிப் போய்விட்டது. சந்தேகத்துக்கு உரியது கதையின் விவரங்கள்: கோபுரம், சூளை, பாம்பு. அதோடு வாழ்ந்த ஊர் பற்றிய குழப்பமும் பழையது. கிழக்கு மரபில் அவர் தீர் நகரத்துக் கிறிஸ்டினா.

இளைஞர் அமைதியாகக் கேட்டார். "ஆனா மண்ணுன்னு சொன்னது தப்பில்லையே அண்ணே?" என்றார். தப்பில்லை. "வெறும்" என்ற சொல்தான் பிரச்சினை. அதைச் சொல்ல அன்றிரவு எனக்கே தெளிவாக வாய் வரவில்லை.

மறுநாள் ஓர்வியேத்தோவில்

பேராலயத்தின் திருத்துகில் சிற்றாலயத்தில், போல்சேனா அற்புதத்தோடு தொடர்புள்ளதாக வணங்கப்படும் மெல்லிய துணி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்காக 1337-38இல் உகொலினோ தி வியெரி செய்த வெள்ளிப் பேழை, எனாமல் பூச்சு ஓவியங்களோடு, அந்தக் காலத்துப் பொற்கொல்லர் வேலையில் தலைசிறந்தவற்றில் ஒன்று. அதைப் பற்றி நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆச்சி பின்வரிசையிலிருந்து கேட்டார்:

"இதாவது நெசமா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. முந்தைய நாள் ஒரு வார்த்தையில் இறங்கிய ஐயம் ஒரு சிற்பத்தோடு நிற்கவில்லை. நாங்கள் காட்டும் எல்லாவற்றின்மேலும் பரவிவிட்டது.

இந்த முறை தள்ளிப்போடவில்லை. குழுவை வெளியே கூட்டிவந்து, முகப்புப் படிகளில் உட்காரவைத்து, போல்சேனாவையும் சேர்த்துப் பேசினேன். உள்ளே இருப்பது உண்மையான துணி. பல நூற்றாண்டுகளாக இந்த ஊர் காத்துவைத்திருப்பது. அதன்மேல் இருக்கும் கறைகள் திருப்பலியில் வழிந்த இரத்தம் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. போல்சேனாவில், அந்தக் குழிகள் உண்மையான கல்லறைகள். 1880இல் கண்டெடுத்த பெட்டியில் இருந்தவை உண்மையான எலும்புகள். நீங்கள் பார்த்த பிள்ளையின் உருவம், அந்த வேதசாட்சியை வணங்கிய ஊருக்காக ஒரு குயவச் சிற்பி மண்ணில் செய்து சூளையில் சுட்டது.

1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் நற்கருணைப் பெருவிழாவை நிறுவிய ஆணையில் போல்சேனா அற்புதம் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்று அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, சொல்ல அது நேரமும் அல்ல என்று பட்டது. அந்த முடிவு சரியா என்பதில் குருவானவருக்கும் எனக்கும் இன்றும் ஒத்த கருத்து இல்லை. பாதியை மறைத்தால் அடுத்த ஐயத்துக்கு விதை போட்டதாகும் என்பது அவர் வாதம்.

ஆச்சி கேட்ட அடுத்த கேள்வி நான் எதிர்பாராதது. "சூளைல போட்டாங்கன்னுதான கத? அப்ப அந்த மண்ணும் சூளைக்குள்ள போய்ட்டுதான வந்திருக்கு?"

ஆமாம் என்றேன். எனக்கு அதுவரை தோன்றாத தொடர்பு. அவருடைய அம்மா வீட்டுப் பக்கத்தில் குயவர் தெரு இருந்ததாம். சூளை பிரிக்கிற அன்று எத்தனை பானை வெடித்துக் கிடக்கும் என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஓர் ஆள் அளவு உருவத்தை எப்படி வெடிக்காமல் சுட்டார்கள் என்று கேட்டார். அந்தக் காலத்துப் பட்டறைகளின் வழக்கத்தைச் சொன்னேன்: உள்ளே குடைந்து எங்கும் ஒரே கனமாக்குவார்கள், பெரிய உருவத்தைத் துண்டு துண்டாக அறுப்பார்கள், வாரக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள், சூட்டை மெல்ல ஏற்றி 900 பாகைக்கு மேல் கொண்டுபோவார்கள், பிறகு துண்டுகளைப் பொருத்துவார்கள். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் மாதக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

"அப்ப வெறும் மண்ணுன்னு சொல்லக்கூடாதுல்லா" என்றார், இளைஞரைப் பார்த்து. கோபமாக அல்ல. இளைஞர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுபடி ஒருமுறை போல்சேனா போக முடியுமா என்று கேட்டார். 20 கிலோமீட்டர்தான். ஆனால் பேருந்து அன்று மதியமே அசீசிக்குக் கிளம்ப வேண்டும். முடியவில்லை. இந்த நிகழ்வில் சரிசெய்ய முடியாமலே போனது இது ஒன்றுதான், இன்றுவரை உறுத்துவதும் இதுவே.

எங்கே பிசகியது

இளைஞரின் சொல்லை மட்டும் குற்றம் சொல்லி முடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஊர் திரும்பியபின் என் தாளை எடுத்து வாசித்தேன். "துயில்கொள்ளும் புனித கிறிஸ்டினாவை தரிசிக்கலாம்." தமிழில் நாம் சுரூபத்தைச் சுரூபம் என்று சொல்வதே குறைவு. அந்தோனியார் தேரில் வருகிறார், மாதாவுக்குப் புதுப்பட்டு கட்டியிருக்கிறார்கள் என்றுதான் பேசுகிறோம். ஊர்க்கோவிலில் இதனால் குழப்பம் வராது, அது மரமென்றும் சுதையென்றும் எல்லாருக்கும் தெரியும். கல்லறைக்குள், படுத்த கோலத்தில், மங்கிய வெளிச்சத்தில் இருக்கும் உருவத்துக்கு அதே பேச்சு வழக்கைப் போட்டபோது, நான் இல்லாத ஒன்றைச் சொன்னவனாகிவிட்டேன். ஆச்சி என் வரியை நம்பினார், அவ்வளவுதான்.

இரண்டாவது, வரிசை. காலையில் உண்மையான உடல், பிற்பகலில் உடல்போல ஓர் உருவம், நடுவில் ஒரு விளக்கமும் இல்லை. இரண்டு நாள் முன்பு ரோமில் புனித செசிலியாவின் படுத்த சிலையைப் பார்த்தபோது யாருக்கும் குழப்பம் வரவில்லை. அது வெள்ளைப் பளிங்கு, 1600இல் ஸ்தெஃபானோ மதெர்னோ செதுக்கியது. பளிங்கு தன்னைக் கல் என்று சொல்லிவிடுகிறது. மண் அப்படிச் சொல்லாது. மறுமலர்ச்சிக் காலத்துச் சிற்பிகள் மண்ணை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்: சதையின் மென்மை விரல்நுனியிலேயே வந்துவிடும். ஆச்சி ஏமாந்தார் என்று நான் சொல்லமாட்டேன். சிற்பி எதை நோக்கிச் செய்தாரோ அது அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது, முகப்பில் நிற்காதது. அதே சிற்பியின் கைவேலை, அதே பொருள், அதே புனிதை, நல்ல பகல் வெளிச்சத்தில், வாசலுக்கு மேலே. பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் எல்லாரும் மண்ணை மண்ணாகத் தெரிந்துகொண்டே உள்ளே போயிருப்பார்கள்.

மாற்றியதும் அடுத்த குழுவும்

அடுத்த ஆண்டுக் குழுவுக்கு வித்தெர்போவைத் தனி நாளில் வைத்தோம். பேருந்துச் செலவு கூடியது, ஒப்புக்கொண்டோம். தாளில் அந்த வரி இப்படி ஆனது: "கல்லறையில் புனித கிறிஸ்டினா படுத்திருப்பதுபோல் செய்த சுடுமண் சுரூபத்தைக் காணலாம். 1880இல் கண்டெடுக்கப்பட்ட அருளிக்கங்கள் (எலும்பு எச்சங்கள்) தனி." அழகு குறைந்த வரிதான்.

போல்சேனாவில் முதலில் முகப்பு, பிறகு பாதத்தடக் கல், பிறகு குகை. முகப்பு விளக்கத்தை இளைஞரே எடுத்துக்கொண்டார். உடைந்த ஒரு பூச்சு ஓட்டுத் துண்டை டஸ்கனியில் ஒரு குயவர் கடையில் வாங்கிப் பையில் வைத்திருக்கிறார். அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறார். உடைந்த விளிம்பில் உள்ளே வெளிறிய மண், மேலே நகத்தின் கனம்கூட இல்லாத வெள்ளைப் பூச்சு. சுற்றிவந்து தன் கைக்குத் திரும்பும்வரை அவர் பேசுவதில்லை.

அந்தக் குழுவிலும் கல்லறை முன்னால் பலர் முழந்தாளிட்டார்கள், அழுதார்கள். யாரும் உடலா என்று கேட்கவில்லை. மண் என்று முன்பே சொன்னதால் பக்தி குறையுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. என் கண்ணுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு குழுக்களை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, கண்டதைப் பதிகிறேன்.

கைலேஞ்சி ஒத்தும் வழக்கத்துக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. அடுத்த குழுவிலும் இரண்டு பேர் கேட்டார்கள். சுரூபத்தைத் தொட முடியாது என்று சொல்லி, குருவானவர் கைலேஞ்சிகளை வாங்கி, கல்லறை முன்னால் கையில் பிடித்தபடி ஜெபித்து மந்திரித்துக் கொடுத்தார். அந்த ஆச்சிக்கும் ஒன்று அனுப்பினோம். பேத்தியிடம் கொடுத்துவிட்டதாக மகன் போனில் சொன்னார்.